பாரா புத்தகம்

மாலை ஆறு மணிக்கு எண்ணி அடைக்கிறோம்.
பெண்கள் எழுபத்து மூன்று.
குழந்தைகள் நான்கு, தனிக் கட்டத்தில்,
குற்றம் என்ற இடத்தில் ஒரு கோடு.

தொரப்பாடியில் மே மாதம்
நள்ளிரவுக்குப் பிறகுதான் சுவர் சூட்டைக் கக்கும்.
மின்விசிறி அதையே கிண்டிக் கிண்டிப் பரிமாறும்.

மூன்றாம் பிளாக்கில் நிரோஷா. பேரணாம்பட்டு.
நகை கேஸ். ஜாமீனுக்குக் கையெழுத்துப் போட ஆளில்லை.
அடுக்கம்பாறை ஆஸ்பத்திரியில் பெற்றாள்,
கட்டிலோரம் இரண்டு போலீஸ்.
ஆண் பிள்ளை. சர்க்கரை கொடுக்க யாருமில்லை.
இன்றோடு இருபத்தாறு நாள்.

அவள் விரல்கள் தூங்குவதில்லை.
போர்வை முனையை எடுத்துச் சுருட்டும்,
நகத்தால் வாய் மடிக்கும், நூல் கட்டும்.
நூலுமில்லை, இலையுமில்லை, தூளுமில்லை.
இருபத்தைந்து ஆனதும் ஒரு கட்டு,
பக்கத்தில் வைத்ததாக வைப்பாள்.
பாராவில் நின்று நான் எண்ணியிருக்கிறேன்.
ராத்திரிக்கு எண்ணூறு தாண்டும்.

பிள்ளை அழும். ஜாக்கெட் நனையும்.
இரண்டும் அடுத்த வீட்டில் நடப்பதுபோல் உட்கார்ந்திருப்பாள்.
பக்கத்துப் பாய் மரகதவல்லிதான்
பிள்ளையைத் தூக்கி அவள் மார்பில் வைத்துப் பிடிப்பாள்,
குழாயடியில் குடம் பிடிக்கிற மாதிரி.

"இவளைப் பாகாயத்துக்கு அனுப்புங்க" என்கிறது பிளாக்.
எங்கள் ஊரில் அது வசவு.
பஸ்ஸில் கண்டக்டர் அந்த ஸ்டாப்பைக் கூவினாலே
யாராவது ஒருத்தர் சிரிப்பார்.

வியாழக்கிழமை மனநல டாக்டர் வந்தார்,
சின்ன வயசு, கையில் ஒரு ஃபாரம்.
தூக்கம் வருதாம்மா?
லைட்டை எப்ப அணைப்பீங்க, என்றாள் இவள்.
காரணமில்லாம பயம் வருதா?
காரணம் இருந்தா எதுல டிக் அடிப்பீங்க?
அதோடு சரி. மிச்சத்துக்கெல்லாம் தலையை ஆட்டினாள்,
ஆமாவா இல்லையா என்று பிரிக்க முடியாமல்.
கதவோரம் லத்தியோடு நின்ற நான்
வாய் திறக்காமல் என் பதில்களைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.
ஒன்பது வருஷம் முன்னால், குவார்ட்டர்ஸில்,
என் மகள் அழ அழ சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன்.
பிறகு சீருடை போட்டு டூட்டிக்கு வந்துவிட்டேன்.
எனக்கு யாரும் ஃபாரம் கொண்டுவரவில்லை.

ஞாயிறு விடியற்காலை மூன்று மணி.
கம்பியருகே வந்தாள்.
"மேடம், அந்தத் தண்ணித் தொட்டிக்கு மூடி இல்ல."
பகல்லதானே வெளிய விடறோம், என்றேன்.
"அதான். பகல்ல என் கையைக் கட்டிடுங்க.
இவனைத் தூக்கிட்டு அந்தப் பக்கம் போனா
கை தானா நீளுது. நான் நீட்டல.
சத்தியமா நான் நீட்டல."

பூட்டைத் திறக்க எனக்கு அதிகாரமில்லை.
கம்பிக்குள் கை விட்டேன்.
அவள் விரல்கள் என் விரலையும் சுருட்டப் பார்த்தன.

பிறகு புத்தகம். நடந்ததை எழுதியாக வேண்டும்.
"குழந்தையைக் கொல்ல" என்று தொடங்கினேன்.
அந்தச் சொல்லுக்கு அப்புறம் எது வந்தாலும்
இரண்டாவது கேஸ்,
பிள்ளை இல்லத்துக்குப் போகும்.
பாரா புத்தகத்தில் அடித்தல் திருத்தல் கூடாது.
அடித்தேன். பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டேன்.
"கைதி தன் பிள்ளையைக் காப்பாற்றச் சொல்லிக் கேட்கிறார்.
தூக்கமில்லை. டாக்டர் இன்றே பார்க்க வேண்டும்.
தொட்டிக்கு மூடி வேண்டும்."

இன்றே என்பது செவ்வாய்க்கிழமை.
மூடி வர அதற்கும் மேல் எட்டு நாள்.
அதுவரை மரகதவல்லி தொட்டிச் சுவரில் உட்கார்ந்து
பகலெல்லாம் பேன் பார்த்தாள்,
யார் தலை கிடைத்தாலும்.

மாத்திரை பிடிபட நாளாகும் என்றார் டாக்டர்.
நாலாவது வாரம் கட்டுகள் பன்னிரண்டாக இறங்கியிருந்தன.

நேற்று கேட்டாள்:
"இவன் நகம் வளர்ந்துபோச்சு மேடம்,
கன்னத்துல கீறிக்கிறான். பிளேடு கிடைக்குமா?"
கிடைக்காது என்று அவளுக்கும் தெரியும்.
குனிந்து, அந்த விரலை வாயில் வைத்து
பல் நுனியால் கடித்தாள். துப்பினாள்.
அடுத்த விரல்.
நாலாவதில் அவன் விழித்துக் கத்தினான்.

"இருடா," என்றாள், "இன்னும் ஆறு இருக்கு."